மூன்றாம் பிரதி

பொருளை ஈட்டுதல் ஒரு தொழில். ஈட்டியதைக் காத்தல் மற்றொரு தொழில். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதைத் திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் தெளிவாகவே பிரித்துக் காட்டியுள்ளது. அரசனது கருவூலத்தைக் கருதிச் செய்யப்பட்ட அப்பாகுபாடு, இன்று கொழும்பு நகரத்துத் தொடர்மாடி வீடொன்றின் மூலையில் இருக்கும் சிறிய கணினிப் பெட்டிக்கும் பொருந்துகின்றது என்றால் அதனை மிகைக் கூற்றாகக் கொள்ள வேண்டியதில்லை. குடும்பமொன்றின் படங்கள், கடிதங்கள், குரல்கள், உறுதிகள் யாவும் இன்று அத்தகைய பெட்டிக்குள்ளேயே ஒடுங்கிவிட்டன. பெட்டி நிறைந்து, அதனைப் பெரிதாக்க வேண்டிய நிலை வரும்போதுதான், உள்ளே இருப்பது எது, அதனைக் காப்பது எவ்வாறு என்னும் வினாக்கள் எழுகின்றன. அவ்வினாக்களை எதிர்கொண்ட ஒரு வீட்டின் அனுபவம் ஈண்டு நோக்கத்தக்கது.

அவ்வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் உள்ளது. அதன் தலைவர் ஓய்வுபெற்ற கணக்காளர். 2014ஆம் ஆண்டில், பாவனையிலிருந்து ஒதுக்கப்பட்ட மேசைக் கணினி ஒன்றைத் தம் மருமகனின் உதவியுடன் சேமிப்பு வழங்கியாக மாற்றினார். வழங்கி என்பது பெரிய சொல், பொருள் சிறியது. திரையும் விசைப்பலகையும் இல்லாத கணினி ஒன்று இரவு பகலாக விழித்திருந்து, வீட்டிலுள்ள மற்றக் கணினிகளும் தொலைபேசிகளும் கேட்கும் கோப்பை எடுத்துக் கொடுக்கும்; கொடுப்பதை வாங்கி வைக்கும். அதனுள் 2 டெராபைற்று கொள்ளளவுள்ள வன்தட்டுகள் இரண்டு பொருத்தப்பட்டன. இரண்டிலும் ஒரே விடயமே ஒரே நேரத்தில் எழுதப்படும். ஒரு தட்டுப் பழுதானாலும் மற்றது நிற்கும். இதனைக் கண்ணாடி முறை என்பர்.

கணக்காளர் அதனுள் சேர்த்தவை பல. மலாயாவிலிருந்து திரும்பி வந்த பெற்றோரின் திருமணப் படம், உறவினர் இறந்த முப்பத்தோராம் நாளில் வெளியிடப்பட்ட கல்வெட்டுகள், ஊர்க் கோயிலின் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள், காணி உறுதிகள் ஆகியன வருடி மூலம் படமாக்கப்பட்டன. இவற்றுக்கு மேலாக ஏழு ஒலிநாடாக்கள் இருந்தன. 1984 முதல் 1991 வரை அவர் மஸ்கட்டில் தொழில் புரிந்தார். கண்பார்வை குன்றிய தாயார் கடிதம் எழுதுவதை விடுத்து, யாழ்ப்பாணத்திலிருந்து தம் பேச்சை நாடாவிற் பதிந்து, அப்பக்கம் செல்வோர் கையில் அனுப்பிவைத்தார். அக்காலத்திற் கடல் கடந்து சென்ற பிள்ளைகளுக்குப் பல தாய்மார் இவ்வாறு குரல் அனுப்பியதுண்டு.

அந்நாடாக்களுள் ஏழாவது தனியிடம் பெறுவது. அதிற் பேசியவர் தாயாரல்லர், தந்தையார். கிராமத்து ஆசிரியராகிய அவர், தம் ஊர்ப் பகுதியிலே வழங்கிய நாட்டார் பாடல்களை இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தேடி ஒரு கொப்பியில் எழுதிவைத்திருந்தார். கெட்டுப்போகலாம் என்ற அச்சத்தால் தம் கையாலேயே இரண்டாம் பிரதியும் எடுத்தார். அச்சிடும் நோக்குடன், தட்டச்சுச் செய்விப்பதற்காக, இரண்டையும் வெள்ளவத்தையில் அப்போது வாடகை வீட்டில் இருந்த மகனிடம் கொடுத்தார். மகன் அவற்றை ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டினார். 1983 ஆடிக் கலவரத்தில் அவ்வீடு எரிந்தது. உடுத்த உடையுடன் அகதி முகாமுக்குச் சென்று, அங்கிருந்து கப்பலிற் காங்கேசன்துறைக்குச் சென்றார் மகன். தந்தையார் அவரைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. சில ஆண்டுகளின் பின், நினைவில் எஞ்சிய பாடல்களை ஒரு நாடாவின் இரு பக்கங்களிலும் பாடிப் பதிந்து அனுப்பினார். 1990ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

இத்துணைப் பொருளும் முதலில் ஒரு மூலையில் அடங்கியது. ஆயினும், வருடியாற் படமாக்கப்பட்ட பக்கம் இடத்தைப் பெரிதும் உண்ணும். சாதாரணக் கடிதத்தாள் அளவுள்ள ஒரு பக்கத்தை ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்னும் நுணுக்கத்தில், வண்ணத்துடன், சுருக்காமற் படமாக்கினால் ஏறத்தாழ 100 மெகாபைற்று வேண்டும். நூறு பக்க நூலுக்கு 10 கிகாபைற்று ஆகும். இத்தகைய நூல்கள் இருநூறு சேர்ந்தால் 2 டெராபைற்று நிறைந்துவிடும். குரலோ இதற்கு மாறானது. இறுவட்டின் தரத்தில் ஒரு மணி நேர ஒலி 635 மெகாபைற்றுக்குள் அடங்கும். ஏழு நாடாக்களும் சேர்ந்து நான்கரைக் கிகாபைற்றைத் தாண்டவில்லை. இடத்தின் அளவு பொருளின் அருமையைக் காட்டாது என்பது இதனாற் பெறப்படும்.

2021ஆம் ஆண்டின் இறுதியில் வழங்கி தன் கொள்ளளவில் எண்பத்தைந்து வீதத்தைக் கடந்தது. அதில் இயங்கிய இசட்.எவ்.எஸ். என்னும் கோப்பு முறைமை, எண்பது வீதத்துக்கு மேல் நிறைந்தால் வேகங் குறையத் தொடங்கும் இயல்புடையது. எனவே விரிவாக்கம் தவிர்க்க முடியாததாயிற்று.

விரிவாக்குதற்கு வழிகள் மூன்று இருந்தன. இரண்டாவது சோடித் தட்டுகளைச் சேர்ப்பது ஒன்று. உள்ள தட்டுகளை ஒவ்வொன்றாக அகற்றிப் பெரிய தட்டுகளை இடுவது மற்றொன்று. கண்ணாடி முறையையே கைவிட்டு, மூன்று அல்லது நான்கு தட்டுகளைச் சேர்த்துக் கூட்டுத்தொகை முறையிற் புதிதாக அமைப்பது பிறிதொன்று. கடைசி முறை கணக்காளரின் உள்ளத்தைக் கவர்ந்ததில் வியப்பில்லை. மூன்று எண்களையும் அவற்றின் கூட்டுத்தொகையையும் நான்கு தாள்களில் எழுதிவைத்தால், எந்த ஒரு தாள் தொலைந்தாலும் மற்ற மூன்றையும் கொண்டு தொலைந்ததைக் கணித்துவிடலாம். தட்டுகளும் இவ்வாறே ஒன்றுக்கொன்று பிணை நிற்கும். மலிவான சிறு தட்டுகளைப் பலவாக இணைத்துப் பெருந்தட்டின் பயனைப் பெறலாம் என்று கலிபோர்னியாவின் பேர்க்ளிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், காற்ஸ் ஆகிய மூவர் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு அடிப்படையாய் அமைந்தது. ஆனால் இசட்.எவ்.எஸ். முறைமையில் அவ்வாறு அமைத்த கூட்டத்துடன் பின்னர் ஒரு தட்டை மட்டும் சேர்த்தல் அந்நாளில் இயலாதிருந்தது. 2025 சனவரியில் வந்த 2.3ஆம் பதிப்பே அதற்கு வழி செய்தது. ஆகவே எளியதும் செலவு குறைந்ததுமான இரண்டாம் வழியையே அவர் தெரிந்தார். 2 டெராபைற்றுத் தட்டுகள் இரண்டையும் அகற்றி, 8 டெராபைற்றுத் தட்டுகள் இரண்டை இடுவது என முடிவாயிற்று.

உலகின் முதல் வன்தட்டுச் சாதனத்தை ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் வெளியிட்டது. இரண்டு அடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் சுழன்ற அச்சாதனத்தின் நிறை ஒரு தொன் அளவினது. அதன் கொள்ளளவோ ஐம்பது இலட்சம் எழுத்துகளே. கணக்காளர் பம்பலப்பிட்டியிற் கணினிக் கடைகள் நிறைந்த யுனிற்றி பிளாசாவுக்குச் சென்று வாங்கிவந்த தட்டு, உள்ளங்கையிற் சற்றே பெரியது. எனினும் அத்தகைய சாதனங்கள் பதினாறு இலட்சத்தின் கொள்ளளவை அது தன்னுள் அடக்கியது.

வாங்கிய காலம் நல்ல காலமன்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த பெறுமதி மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. தட்டின் விலையும் அதனுடன் ஏறியது. முதல் தட்டை மார்ச் முதல் வாரத்தில் வாங்கியவர், இரண்டாவதை வாங்க மூன்று மாதம் பொறுத்தார். இதனாற் பணம் கூடச் செலவாயிற்று. எனினும், இரு தட்டுகளும் ஒரே தொகுதியில் உற்பத்தியானவையாக இல்லாமற் போயின. ஒரே நாளில், ஒரே ஆலையிற் பிறந்த தட்டுகள் ஒரே காலத்திற் பழுதாகும் வாய்ப்பு உண்டென்பது இத்தொழிலறிந்தோர் கூறும் எச்சரிக்கை. எனவே இத்தாமதத்தை முற்றும் நட்டமெனக் கணக்கிடுதல் இயலாது. மேலும், தடங்களை ஓட்டு வேய்ந்தாற்போல ஒன்றன்மேலொன்று படிய எழுதும் வகைத் தட்டுகள் சந்தையில் உள்ளன. விலையில் மலிவாயினும், பெருந்தொகைத் தரவை ஒரே மூச்சில் எழுதும்போது அவை மிகவும் தயங்கும். சில மணித்தியாலத்தில் முடியவேண்டிய வேலை நாட்கணக்கில் நீளும். அவ்வகையைத் தவிர்க்குமாறு மருமகன் முன்னரே சொல்லிவைத்திருந்தான்.

தட்டை மாற்றும் வேளையே வழங்கியின் வாழ்நாளில் ஆபத்து மிக்க வேளை. கண்ணாடியின் ஒரு பாதி அகற்றப்பட்டபின், எஞ்சிய தட்டு ஒன்றே எல்லாவற்றுக்கும் பொறுப்பாகின்றது. ஆண்டுக்கணக்கில் உழைத்துக் களைத்த அத்தட்டே, தன்னிலுள்ள அனைத்தையும் முதலிலிருந்து முடிவுவரை வாசித்துப் புதிய தட்டுக்கு ஊட்டவேண்டும். பொதுப் பாவனை வன்தட்டுகளுக்கு உற்பத்தியாளர் குறிக்கும் வழமையான அளவின்படி, ஏறத்தாழ 12.5 டெராபைற்றுத் தரவை வாசிக்கும்போது ஒரு முறை வாசிக்கவியலாப் பிழை நேர இடமுண்டு. அத்துடன் 2022 மார்ச் முடிவில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீடித்தது. மின்தடை தாங்கும் கருவி கால் மணி நேரமே தாங்கும். அதற்குள் வழங்கி தானே முறைப்படி ஓய்வதற்கு ஏற்பாடு செய்து, மின்சாரம் இருக்கும் பின்னிரவில் வேலை தொடங்கப்பட்டது. 1.7 டெராபைற்றை நொடிக்கு 100 மெகாபைற்று வீதம் நகலெடுத்தால் ஐந்து மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும். சிறு கோப்புகள் மிகுந்திருந்தமையாலும், இடையில் இரு முறை மின்சாரம் நின்றமையாலும் அது மறுநாள் மாலை வரை இழுபட்டது.

முடிவில், பதினொரு கோப்புகள் பழுதடைந்துள்ளன என்று வழங்கி அறிவித்தது. ஒவ்வொரு துண்டுத் தரவுடனும் ஒரு சரிபார்ப்பு எண்ணையும் எழுதிவைத்து, வாசிக்கும்போதெல்லாம் ஒப்புநோக்குவது இசட்.எவ்.எஸ். முறைமையின் இயல்பு. கணக்காளர் செய்த பிழை யாதெனில், இரு பழைய தட்டுகளுள் நலமாயிருந்ததையே முதலிற் கழற்றிவிட்டார். நல்ல வேளையாக அத்தட்டு மேசை மீதே இருந்தது. அதனை மீண்டும் பொருத்தியதும் பதினொரு கோப்புகளும் மீண்டன. பெட்டியில் மூன்றாவது தட்டுக்கு இடமிருந்தால், பழையவை இரண்டும் இருக்கும்போதே புதியதைச் சேர்த்து, அது நிரம்பிய பின்னரே பழையதைக் கழற்றவேண்டும். மாற்றத்துக்கு முன்னர் முழுப் பரிசோதனை ஒன்றையும் நடத்தவேண்டும். இவ்விரு விதிகளையும் அவர் தம் குறிப்பேட்டில் அன்றே எழுதினார். யூன் மாதத்தில் இரண்டாவது தட்டு அவ்விதிகளின்படியே மாற்றப்பட்டது. அவ்வேளையில் 100 மெகாபிற்று வேகத்தில் இயங்கிய பழைய வலையிணைப்புப் பெட்டியையும் வடத்தையும் அகற்றிப் பத்து மடங்கு வேகமுள்ளவற்றை இட்டனர். 2 டெராபைற்றை நகர்த்த முன்னர் ஏறத்தாழ இரண்டு நாள் வேண்டும். இப்போது ஐந்து மணித்தியாலம் போதும். இரண்டாவது தட்டும் நிரம்பிய அன்று வழங்கியின் கொள்ளளவு நான்கு மடங்காயிற்று. வேலை இனிது முடிந்தது என்றே அனைவரும் கருதினர்.

இடம் பெருகியதும் ஒழுங்கு செய்யும் ஆசை பிறத்தல் இயல்பு. பல ஆண்டுகளாகப் பல பெயரிற் கிடந்த அடைவுகளைக் கணக்காளர் ஒவ்வொன்றாகத் திறந்து, இரட்டித்தவற்றை நீக்கலானார். ‘பழையது’ என ஓர் அடைவும், ‘பழையது 2’ என மற்றோர் அடைவும் இருந்தன. ஒன்று மற்றதன் நகல் என எண்ணி முதலில் ஒன்றை அழித்தார். சில மாதங்களின் பின், முன்னர் அழித்ததை மறந்து, மற்றதையும் அழித்தார். 2023ஆம் ஆண்டில் தாயாரின் திதிநாளன்று அவரது குரலைப் பேரப்பிள்ளைகளுக்குக் கேட்பிக்க முற்பட்டபோதுதான் ஏழு நாடாக்களும் அவ்வடைவுகளிலேயே இருந்தன என்பது தெரியவந்தது.

தட்டுகள் இரண்டும் புதியவை. பழுது எதுவுமில்லை. முறைமை தன் கடமையைச் செவ்வனே செய்திருந்தது. அழி என்ற ஆணையை ஒரு தட்டிற் போலவே மற்றத் தட்டிலும் ஒரு நொடியில் நிறைவேற்றியிருந்தது. அன்று மருமகன் சொன்ன சொல் சுருக்கமானது: “மாமா, கண்ணாடி எண்டது காப்பு இல்லை. நீங்கள் செய்யிறதைத்தான் அதுவும் செய்யும்.”

இவ்வுண்மை தொழில்நுட்ப நூல்களில் அடிக்கடி கூறப்படுவதே. கண்ணாடி முறை தட்டின் சாவிலிருந்து காக்குமேயன்றி, மனிதனின் மறதியிலிருந்து காக்காது. தீ, திருட்டு, மின்னல், வெள்ளம் ஆகியவற்றிலிருந்தும் அது காக்காது. ஒரே பெட்டியுள் இருக்கும் இரண்டு பிரதிகள் உண்மையில் ஒரு பிரதியே. இதனை வேறெவரிலும் அக்கணக்காளர் நன்கு அறிந்திருக்க வேண்டியவர். தந்தையாரின் கொப்பிகள் இரண்டையும் ஒரே பெட்டியிற் பூட்டிவைத்தவர் அவரே. நாற்பதாண்டுகளின் பின்னும், இரண்டு பிரதிகளை ஒரே பெட்டியிற் பூட்டிவிட்டு, அதனைக் காப்பு என நம்பியிருந்தார்.

மூல நாடாக்கள் இருந்தமை அவர் செய்த ஏற்பாட்டினாலன்று. கணினியில் ஏற்றியபின் அவற்றை எறிந்துவிடும்படி கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் வாழும் தம் தங்கையிடம் சொல்லிக் கொடுத்திருந்தார். திதிநாள் மாலையில் அவர் தயங்கித் தயங்கித் தொலைபேசியில் விடயத்தைக் கூறியபோது, தங்கை சொன்ன மறுமொழி இது: “எறியச் சொல்லித்தான் அண்ணா தந்தனீங்கள். எனக்கு மனம் வரேல்லை.” பிஸ்கற் தகரம் ஒன்றில், பழைய சேலைத் துண்டிற் சுற்றியபடி ஏழும் இருந்தன. ஆறு நாடாக்கள் சிறிது இரைச்சலுடன் ஓடின. ஏழாவதிற் பூஞ்சணம் பிடித்திருந்தது. முதற் பக்கத்தில் இருபது நிமிடமளவில் தந்தையாரின் குரல் கேட்டது. பின்னர் நாடா ஒட்டிக்கொண்டு இழுபட்டு அறுந்தது. ஒட்டிச் சீர்செய்ய முயன்றும் இரண்டாம் பக்கத்தை மீட்க இயலவில்லை. இருபது ஆண்டுகள் தேடிய பாடல்களுள் ஒரு கொப்பியளவு தீயில் அழிந்தது. நினைவில் எஞ்சியதிற் பாதி ஒரு பொத்தானை அழுத்தியதால் அழிந்தது. இன்று இருப்பது இருபது நிமிடம்.

இதன் பின்னரே உண்மையான விரிவாக்கம் தொடங்கியது எனலாம். இம்முறை கூட்டப்பட்டது கொள்ளளவன்று, தூரம். முதலாவதாக, வழங்கி ஒவ்வொரு நாளும் தன் நிலையை நிழற்பதிவாகக் குறித்துவைக்குமாறு அமைக்கப்பட்டது. ஒரு கோப்பு அழிக்கப்பட்டாலும், நாட்பதிவு முப்பது நாளும் மாதப்பதிவு ஓராண்டும் அதனைப் பிடித்துவைத்திருக்கும். மாறிய பகுதி மட்டுமே இடம் பிடிப்பதால் இதற்கு ஆகும் செலவு சொற்பம். இவ்வசதி 2014 முதலே அப்பெட்டியில் இருந்தது. அதனை இயக்குவதற்கு எவரும் எண்ணவில்லை.

இரண்டாவதாக, கொட்டாஞ்சேனையில் தங்கையின் வீட்டில் 8 டெராபைற்றுத் தட்டு ஒன்றுடன் சிறு வழங்கி ஒன்று வைக்கப்பட்டது. முழுத் தரவையும் இணையம் வழியாக அனுப்புவதாயின், நொடிக்கு 10 மெகாபிற்று என்னும் ஏற்று வேகத்தில் 2 டெராபைற்றுக்குப் பதினெட்டு நாளுக்கு மேல் வேண்டும். ஆகவே தட்டை வெள்ளவத்தையிலேயே நிரப்பி, துவாயிற் சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, முச்சக்கரவண்டியில் மடிமீது ஏந்திச் சென்றார் கணக்காளர். அதன்பின் நாள்தோறும் நேரும் மாற்றங்கள் மட்டும் இரவில் இணையம் வழியே செல்கின்றன. இரு பெட்டிகளும் தொடர்ந்து இயங்குவதால் மின்கட்டணம் உயரத்தான் செய்தது. 40 உவாற்று இழுக்கும் ஒரு பெட்டி ஆண்டுக்கு 350 அலகு மின்சாரத்தை உண்ணும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் பெருமளவு கூட்டப்பட்டிருந்தது. எனவே கொட்டாஞ்சேனைப் பெட்டி இரவில் மூன்று மணித்தியாலம் மட்டும் விழித்திருக்குமாறு செய்யப்பட்டது.

வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் நகரின் இரு முனைகள் போலத் தோன்றலாம். இடையேயுள்ள தூரம் பத்துக் கிலோமீற்றர் அளவினதே. 1983 ஆடியின் அதே கிழமையில் இரு பகுதித் தமிழரும் தாக்குதலுக்கு உள்ளாகினர். அந்நாட்களில் வெள்ளவத்தையிலிருந்த ஒருவர் தம் ஆவணங்களின் நகலைக் கொட்டாஞ்சேனையில் வைத்திருந்தால் அவை பிழைத்திருக்கும் என எவரும் உறுதி கூற இயலாது. எரிந்த வீட்டிலிருந்த திருமணப் படத்தின் மற்றொரு பிரதி, 1950களிற் கோலாலம்பூரிலிருந்த பெரிய தகப்பனாருக்கு அஞ்சலில் அனுப்பப்பட்டிருந்தது. 1985இல் அவர் அதனைத் திருப்பி அனுப்பினார். காப்பதற்காகப் பூட்டிவைத்தவை அழிந்தன. அன்பினாற் கொடுத்தனுப்பியது பிழைத்தது. கலவரம் ஒன்றே கேடு என்பதுமில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் களனி கங்கை பெருகி, கொழும்பின் புறநகர்கள் பல நீரில் மூழ்கின. மேல்மாடியிலிருந்த கொட்டாஞ்சேனைப் பெட்டிக்கு ஊறு நேரவில்லை. ஆனால் நிலமாடியில் வாழ்வோர் பலரின் நிலை வேறு.

ஆதலால் மூன்றாம் பிரதி நகருக்கு வெளியே இருத்தல் இன்றியமையாதது. மூன்று பிரதிகள், இரு வகை ஊடகம், ஒன்று வேற்றிடம் என்னும் விதியை அமெரிக்கப் புகைப்படக்கலைஞரான பீற்றர் குறோ வகுத்துப் பரப்பினார். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக நூலகத்தார் 1999இல் தொடங்கிய திட்டம் ஒன்று, பல பிரதிகளே பொருளைக் காக்கும் என்னும் கருத்தையே தன் பெயராகக் கொண்டது. தமிழுலகுக்கு இது புதிய பாடமன்று. பனையோலை சில தலைமுறைக்கு மேல் நில்லாது. பூச்சியும் ஈரமும் அதனை உண்ணும். எனவே ஓலையைக் காத்தல் என்பது மறுபடி எழுதுதலையே குறித்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பிப்பதற்கு ஏடுகள் கிடைத்தமைக்குக் காரணம், பெயரறியா எழுத்தர் பலர் தலைமுறை தோறும் அவற்றைப் படியெடுத்து வெவ்வேறு இல்லங்களில் வைத்திருந்தமையே. இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறிடத்திற் பிரதியுள்ளவற்றைப் பின்னர் வாங்க முடிந்தது. ஒற்றைப் பிரதிகளாயிருந்த ஏடுகளும் கையெழுத்துகளும் ஒரேயடியாக மறைந்தன.

அவ்வாறு மறைந்தவற்றின் நினைவினூடே எழுந்த முயற்சிகளுள் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் தலையாயது. 2005ஆம் ஆண்டிற் தன்னார்வலர் சிலராற் தொடங்கப்பட்டு, பின்னர் நிறுவனமாக வளர்ந்த அது, இலங்கைத் தமிழ்பேசும் சமூகங்களின் நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், நினைவு மலர்கள் ஆகியவற்றைப் பல்லாயிரக்கணக்கில் எண்ணிமப்படுத்தி, எவரும் கட்டணமின்றி எடுத்துப் படிக்கும்படி வைத்துள்ளது. எடுத்துப் படிப்போர் ஒவ்வொருவரும் தம்மையறியாமலே ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொள்கின்றனர் என்பது இதன் சிறப்பு.

கணக்காளர் தம் களஞ்சியத்தை 2024இல் இரண்டாகப் பிரித்தார். கல்வெட்டுகள், கோயில் மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள் ஆகியன ஊருக்கு உரியவை எனக் கண்டு, அவற்றின் நகல்களைப் பொதுவில் வைக்கக் கொடுத்தார். கடிதங்களும் உறுதிகளும் குடும்பத்துக்கு உரியவை. அவை மறைகுறியாக்கம் செய்யப்பட்ட தட்டு ஒன்றில் யாழ்ப்பாணத்து ஒன்றுவிட்ட சகோதரர் வீட்டுக்குச் சென்றன. ஆண்டுக்கு இரு முறை அத்தட்டு கொழும்பு வந்து புதுப்பிக்கப்பட்டுத் திரும்புகின்றது. கடவுச்சொல் தாளில் எழுதப்பட்டு, மூடிய உறையிலே தங்கையிடம் உள்ளது. திறக்கத் தெரிந்தவர் இறந்தபின் எவராலும் திறக்கமுடியாத களஞ்சியம் எரிந்த களஞ்சியத்தினும் மேலானதன்று.

இருபது நிமிடக் குரலை எதனுட் சேர்ப்பது என்பதில் உடன்பிறந்தோர் இருவரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. தந்தையாரின் இருமலும், இடையே தாயாரிடம் தண்ணீர் கேட்பதும் அதிற் பதிந்துள்ளன. அது வீட்டுப் பொருள் என்றார் தங்கை. பாடல்கள் ஊராருடையவை, தந்தையார் அவற்றைத் தேடியது ஊருக்காகவே என்றார் தமையனார். முடிவில் இருமலும் தண்ணீரும் உள்ளபடியே அது பொதுவில் வைக்கக் கொடுக்கப்பட்டது.

வன்தட்டின் வாழ்நாளை ஐந்து அல்லது ஆறு ஆண்டு எனக் கொள்வது வழக்கம். வெள்ளவத்தையின் உவர்க்காற்று அதனைக் கூட்டப் போவதில்லை. ஆகவே அடுத்த மாற்றத்துக்குரிய ஆண்டாக 2028 கணக்காளரின் குறிப்பேட்டிற் குறிக்கப்பட்டுள்ளது. அதற்காக மாதந்தோறும் ஒரு சிறுதொகை ஒதுக்கப்படுகின்றது. செய்யவேண்டிய வேலைகள் வரிசையாக எழுதப்பட்டுள்ளன: முழுப் பரிசோதனை செய்தல், நலமான தட்டைக் கழற்றாதிருத்தல், கொட்டாஞ்சேனைப் பிரதியைத் திறந்து பார்த்தல், யாழ்ப்பாணத்துத் தட்டை வருவித்தல், எந்த அடைவையும் அழிப்பதற்கு முன் மற்றொருவரைக் கேட்டல். பொறுப்பாளர் என்னும் இடத்தில் மருமகனின் பெயர் எழுதப்பட்டு, அதன் கீழ் அவனது கையொப்பமும் பெறப்பட்டுள்ளது.